இரண்டு வயர் போதும்

1

எங்கள் பழைய காரின் மூக்கில் ஒரு மூடி இருக்கிறது. அதைத் தூக்கினால் உள்ளே இரண்டு வாய். சின்ன வாய் வீட்டுச் சுவரிலிருந்து மெல்ல மெல்லக் கறண்ட் குடிப்பதற்கு. அதற்குப் பல மணித்தியாலம் வேண்டும். பெரிய வாய் ரோட்டோரத்துச் சார்ஜரிலிருந்து கொஞ்ச நேரத்தில் வயிறு நிரப்புவதற்கு. அந்தப் பெரிய வாய் ஜப்பான்காரன் வைத்த அளவு. பெயர் சாடெமோ. ஐரோப்பாக்காரன் சும்மா இருப்பானா? அவன் தனக்கொரு அளவு வைத்து அதற்கு சீசீஎஸ் என்று பெயரும் வைத்துக்கொண்டான். ஒன்றின் நாக்கு மற்றதின் வாய்க்குள் போகாது. சாகும்வரை தள்ளினாலும் போகாது.

நோர்வேயில் நான் இந்தக் காரை வாங்கிய காலத்தில் ஒவ்வொரு சார்ஜரிலும் இரண்டு கேபிளும் தொங்கும். உனக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள் என்று விட்டிருந்தார்கள். இப்போது அப்படியில்லை. பழைய சார்ஜர் ஒன்று பழுதானால் அதைக் கழற்றிவிட்டுப் புதியது நடுகிறார்கள். புதியதில் ஐரோப்பாக் கேபிள் மட்டும். எங்கள் காரைப் போன்ற கார்களுக்கு ஒருவரும் தடை போடவில்லை. அவை நிற்கக்கூடிய இடங்களைத்தான் ஒவ்வொன்றாகக் குறைக்கிறார்கள்.

ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். பொருந்தவில்லையென்றால் பொருத்த வேண்டியதுதானே என்பீர்கள். உண்மைதான், நம் ஆட்கள் பொருத்தாத பொருத்தமா? கல்முனைப் பஸாரில் வாங்கிய சாமானில் இரண்டு உருண்டைப் பின் இருக்கும், வீட்டுச் சுவரில் மூன்று சதுர ஓட்டை இருக்கும். பேனையை எடுத்து மேல் ஓட்டையில் குத்தினால் கீழ் ஓட்டை இரண்டும் வாயைத் திறக்கும். செருகிவிடுவோம். பிளக்கே இல்லையென்றால் வயரின் தோலை உரித்து உள்ளே விட்டு நெருப்புக்குச்சியால் இறுக்குவோம். கடைக்குத் திரும்பிப்போய் மாற்றித் தா என்று கேட்பது நமக்கு மானக்கேடு.

நான் மருதமுனையில் வயர்மேனாக இருந்தவன். இங்கே கப்பல் பட்டறையில் மின்வேலை செய்கிறேன். குச்சியால் இறுக்குவதில் என்னைவிடக் கெட்டிக்காரன் எங்கள் பக்கத்தில் இருக்கவில்லை. பெருமையாகச் சொல்லவில்லை.

2

ஹனா என் ஒரே மகள். ஒஸ்லோவில் படிக்கிறாள். நான் இருப்பது மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில். இரண்டுக்கும் நடுவில் மலை. கார் அவளிடம்தான் இருக்கிறது.

ஒக்டோபரில் வீட்டுக்கு வந்திருந்தபோது டிக்கியைத் திறந்து ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினாள். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு முனையில் ஐரோப்பா வாய், மறுமுனையில் ஜப்பான் நாக்கு.

“இனிப் பிரச்சினை இல்ல வாப்பா. எந்தச் சார்ஜர்லயும் போடலாம்.”

“எங்க வாங்கின?”

“நெட்ல.”

“ஆரு செஞ்ச சாமான்?”

“தெரியா. எல்லாரும் பாவிக்காங்க.”

எல்லாரும் பாவிக்கிறார்கள். இந்தச் சொல்லை நான் நம்புவதில்லை. ஆனால் அவளிடம் “நல்லம், நல்லம்” என்றேன். மறுநாள் அவள் எழும்ப முன் பெட்டியை எடுத்துப்போய் ஷெட்டுக்குள் வைத்துக் கழற்றினேன். பூட்டும் கொக்கி ஆடியது. சூடு கூடினால் நிறுத்து என்று சார்ஜருக்குச் சொல்ல வேண்டிய வயர் எந்த இடத்திலும் சேராமல் சும்மா தொங்கியது. வீட்டுச் சுவரில் வருவது ஒரு கறண்ட், ரோட்டோரச் சார்ஜரில் வருவது அதைவிடப் பல மடங்கு பலமான கறண்ட். அதன் பக்கத்தில் என் பிள்ளை ஈரக் கையோடு நிற்பாள்.

பெட்டியைத் திரும்ப டிக்கியில் வைக்கவில்லை. அதுவரை நான் செய்தது சரி. இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் எடுத்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். அவள் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஒரு ஏனுக்குப் பின்னால் இன்னொரு ஏன் வரும். அந்த வரிசையின் கடைசியில் நிற்கிற பதிலை இருபது வருடமாக நான் ஒருவருக்கும் காட்டவில்லை.

அவள் காரை எடுத்துக்கொண்டு ஒஸ்லோவுக்குப் போய்விட்டாள். டிக்கியில் பெட்டி இருக்கிறது என்ற நம்பிக்கையோடு போனாள்.

3

டிசம்பர் இருபத்தாறு, சுனாமி வந்த திகதி, எங்கள் வீட்டில் உம்மாவின் நினைவு நாள். ஹனாவின் உம்மா ஜெஸீமா, என் மனைவி. அன்றைக்கு நான் சோறும் இறைச்சியும் சமைப்பேன். ஹனா வருவாள். இரண்டு பேரும் யாஸீன் ஓதி துஆக் கேட்போம். அவளுக்கு அரபு எழுத்து வாசிக்க வரும், தமிழ் எழுத்து வராது. ஆறு வயதில் வந்தவள். தமிழ் நன்றாகக் கதைப்பாள், வாசிக்கச் சொன்னால் அரிச்சுவடியோடு நின்றுவிடுவாள். படிப்பிக்காதது என் பிழைதான். இரண்டு ஷிப்ட் செய்தேன் என்று காரணம் சொல்லலாம். சொல்லி என்ன?

ஆனாலும் இந்த ஒரு நாளை அவள் தவறவிட்டதில்லை. நோன்பைத் தவறவிட்டிருக்கிறாள், என் பிறந்தநாளை மறந்திருக்கிறாள். இதை மறக்கவில்லை.

இந்த முறை அதிகாலையிலேயே அழைத்தாள்.

“வாப்பா, மலையில காத்து கூடவாம். ரேடியோவில செல்றாங்க. நாளைக்கு வரட்டா?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வராதே புள்ள, அடுத்த கிழமை வா என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

“உம்மாட நாள் இண்டைக்குத்தானே மகள்.”

 “ஓம், வாறன்” என்றாள்.

 உம்மாவின் நாள் அது அல்ல.

4

போர் முடிந்த அன்று நான் பாண்டிருப்பில் ஒரு தமிழ் வீட்டுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். வீதியில் வெடி கொளுத்தினார்கள். கொடியோடு ஆட்டோக்கள் போயின. அந்த வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, “காக்கா, வெளியில சத்தம் முடியட்டும். பிறகு மெயினப் போடுங்க” என்றார். சுவர்ப் படத்தில் நின்ற அவருடைய மகன் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஏணியின் உச்சியில் குந்திக்கொண்டு சத்தம் முடியும்வரை காத்திருந்தேன். நீண்ட நேரம் முடியவில்லை. இனி நல்ல காலம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் இந்தக் கரையைவிட்டு எங்கேயாவது போய்விட வேண்டும் போல இருந்தது. அந்த வருடமே நோர்வேயில் கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப்போட்டேன்.

அடுத்த வருடம் இங்கே வேலையில் இருந்துகொண்டு ஹனாவைக் கூப்பிட்டெடுக்கக் கடதாசி கொடுத்தேன். அதுவரை அவள் ஜெஸீமாவின் மூத்த சகோதரர் றபீக் மச்சான் வீட்டில் வளர்ந்தாள். தாயில்லாத பிள்ளை என்று காட்டத் தாயின் மரணச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஒரு சின்ன அறையில் இருத்தினார்கள். எதிரில் ஒரு வெள்ளைக்காரப் பெண், பக்கத்தில் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர்.

“உங்கட மனுசி என்னெண்டு இறந்தவா எண்டு கேக்கிறா.”

“சுனாமியில மவுத்தாகிட்டா.”

“என்ன ஆனவா?”

“மவுத்து. செத்துப் போன.”

அவர் தலையாட்டி மொழிபெயர்த்தார். அந்தப் பெண் சான்றிதழின் மொழிபெயர்ப்பைப் பார்த்தாள். விரலை ஓர் இடத்தில் வைத்தாள். கடல் வந்தது டிசம்பரில், இதில் ஜனவரி என்று இருக்கிறதே என்றாள்.

 இங்குள்ள கந்தோரில் திகதியைப் பார்ப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

“காயப்பட்டிருந்தா” என்றேன். “பிறகுதான் மவுத்து.”

மொழிபெயர்ப்பாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார். அவள் டக் டக்கென்று தட்டச்சுச் செய்தாள். ஊரில் நாலு பேருக்குள் இருந்த பொய் அன்றைக்கு அரசாங்கக் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பிள்ளை வந்துவிட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

5

பின்னேரம் இரண்டரைக்கு ஹனா மறுபடி அழைத்தாள். இங்கே டிசம்பரில் அந்த நேரமே மஃரிபு மாதிரிக் கறுத்துவிடும்.

“வாப்பா, மலையடிக்கு வந்துட்டன். கேட்டைப் போட்டிரிக்காங்க.”

காற்று பலமென்றால் மலைப்பாதையின் இரண்டு பக்கமும் கம்பத்தை இறக்கிவிடுவார்கள். பனி தள்ளுகிற பெரிய லொறி வந்துதான் காத்திருக்கும் வாகனங்களை வரிசையாகக் கூட்டிப்போகும். அது எப்போது வருமென்று அதற்கும் தெரியாது, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அந்தக் கம்பத்தடியில் ஒரு சார்ஜர் நிலையம் உண்டு. அதை நம்பித்தான் எங்கள் கார் எப்போதும் அந்தப் பக்கம் வரும்.

“பெற்றரி எத்தின வீதம் இரிக்கி?”

“ஒம்பது.”

“அப்ப சார்ஜர்ல போடு புள்ள. லொறி வர முன்ன ஏறிடும்.”

“போடத்தான் பாத்த. கேபிள் இல்ல.”

“இல்லையெண்டா?”

“பழையதக் கழட்டிட்டாங்க வாப்பா. புதுசு ரெண்டு வெச்சிரிக்காங்க. ரெண்டும் மத்தது.”

“போன் ஆப்பில இரிக்கி எண்டு காட்டுதே! இந்தா நான் பாத்துட்டு இரிக்கன்.”

“ஆப்பில இரிக்கி. இஞ்ச இல்ல.”

சின்ன வாய்க்கு அங்கே இடமே வைத்ததில்லை. கடை இருக்கிறதா என்று கேட்டேன். கிறிஸ்மஸ் லீவுக்குப் பூட்டிக் கிடக்கிறது. வேறு வாகனம் நிற்கிறதா என்று கேட்டேன். இரண்டு கார் நின்றனவாம், பொறுக்க முடியாமல் திரும்பிப் போய்விட்டனவாம். இவளுக்குத் திரும்பிப் போகவும் காணாது. கடைசியாக விட்ட ஊர் அறுபது கிலோமீற்றர் பின்னால். குளிர் மைனஸ் பதினேழு.

“யோசிக்காதீங்க வாப்பா” என்றாள். குரலில் ஒரு சந்தோசம்கூட இருந்தது. “பெட்டி இரிக்கிதானே. இதுக்குத்தானே வாங்கின. எடுத்துப் போடுறன்.”

கதவு திறந்தது. போனுக்குள் காற்று இரைந்தது. டிக்கியின் மூடி தூக்கும் சத்தம். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம்.  அவள் பேக்குகளை இழுத்துப் போடுவதும், மட்டையைத் தூக்குவதும், உதிரிச் சில்லைத் தட்டுவதும் ஒவ்வொன்றாகக் கேட்டது. திரும்பவும் முதலிலிருந்து தேடினாள்.

“வாப்பா. பெட்டி இல்ல.”

“நான்தான் எடுத்த.”

“என்ன?”

“ஒக்டோபர்ல. இஞ்ச ஷெட்டுக்குள்ள இரிக்கி.”

ஹனாவுக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும். நோர்வேஜிய மொழியில் கொட்டினாள். பதினைந்து வருடமாக அந்த மொழியில் வேலை செய்கிறேன், வரிக் கடிதம் எழுதுகிறேன், டொக்டரோடு கதைக்கிறேன். என் மகள் ஏசும்போது மட்டும் ஒரு சொல்லும் பிடிபடாது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஏறினாள். மூச்சு வாங்கினாள்.

உதவி நம்பருக்கு அவள் அழைத்தாள், நானும் அழைத்தேன். இதற்கு ஒன்றை அமுக்கு, அதற்கு இரண்டை அமுக்கு என்றது. கடைசியில் ஒரு மனிதக் குரல் கிடைத்தது. வழியில் வேறு விபத்துகள், மூன்று மணித்தியாலமாவது ஆகும், காருக்குள்ளேயே இருக்கச் சொல்லுங்கள் என்றது. ஹீட்டர் போட்டால் பெற்றரி எத்தனை நேரம் தாங்கும் என்று நான் கேட்டேன். அது உங்கள் காரைப் பொறுத்தது என்றது. என் காரைப் பற்றி எனக்குத் தெரியும். யா அல்லாஹ் என்று கத்த வேண்டும் போலிருந்தது. நன்றி என்று சொல்லி வைத்தேன். இந்த நாடு எனக்குப் படிப்பித்த பழக்கம் அது.

மலைக்கு இந்தப் பக்கம் நான். இங்கும் கம்பத்தை இறக்கிவிட்டார்கள் என்று செய்தியில் காட்டினார்கள். ஓடிப்போகவும் வழியில்லை.

6

நாலு மணிக்கு வீதம் ஐந்து. ஹீட்டரைப் பத்து நிமிடம் போட்டுப் பதினைந்து நிமிடம் நிறுத்து என்று சொன்னேன். கொண்டுவந்த உடுப்பெல்லாம் எடுத்துப் போர்த்தச் சொன்னேன். எனக்குக் கொண்டுவந்த புதுச் சாரனையும் தலையில் சுற்றினாளாம். ஐந்து மணிக்குக் கண்ணாடிக்குள்ளே பனி பிடிக்கத் தொடங்கியது.

“வாப்பா, ஆமைப் படம் வந்துட்டு.”

பெற்றரி முடியப்போகிறது என்பதற்கு அந்தக் காரில் ஒரு குட்டி ஆமை எரியும். எவனோ விளையாட்டாக வரைந்திருக்கிறான். அவன் பிள்ளை அங்கே இருக்கவில்லை.

“நித்திர கொள்ளாத, என்னா? என்னோட கதைச்சுக்கிட்டு இரி.”

“என்னத்தக் கதைக்கிற? நீங்க ஏன் பெட்டிய எடுத்த எண்டு செல்லுங்க.”

“அது ஒழுங்கில்லாத சாமான். ஆபத்து.”

“அப்ப ஏன் எனக்குச் செல்லல்ல?”

“பத்து நிமிசம் ஆயிட்டு, ஹீட்டர நிப்பாட்டு” என்றேன்.

“செல்லியிருந்தா நான் வேற ரோட்டால வந்திருப்பன். இல்லாட்டி பஸ்ல வந்திருப்பன். செல்லாம எடுத்திரிக்கீங்க. ஏன்?”

அந்தக் கேள்விக்கான பதிலை முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலருக்கு அது தெரியும்.

கடல் வந்த அன்று ஜெஸீமா தப்பினாள். பத்து மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு மேற்கே ஓடி, பள்ளிவாசல் மேல்மாடியில் ஏறிவிட்டாள். அன்றைக்கு மருதமுனையில் எத்தனை கபுறுக் குழி வெட்டினோம் என்று நான் எழுதத் தேவையில்லை. எங்களுக்கு வீடு போனது, ஆட்கள் மிஞ்சினோம். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு பாடசாலை வகுப்பறை ஒன்றில் மற்றக் குடும்பங்களோடு இருந்தோம்.

மூன்றாம் கிழமை பாடசாலைக்குக் கறண்ட் வந்தது. அதற்கு முன்பே வெளிநாட்டுப் பெட்டிகள் வந்து குவிந்திருந்தன. ஒரு பெட்டி முழுக்கக் கறண்ட் கேத்தல். புத்தம் புதியவை, மழையில் நனைந்தவை. பிளக் மட்டும் எவன் நாட்டுப் பிளக்கோ, தடித்த இரண்டு உருண்டைப் பின், எர்த் பக்கவாட்டில் தகடாக இருக்கும். நம் சுவரில் எங்கேயும் போகாது. விறகடுப்பு ஒன்றுதான். சுடுதண்ணிக்குப் பெண்கள் காலையிலிருந்து வரிசையில் நின்றார்கள். வயர்மேன் இருக்கிறானே என்று கேத்தலை என்னிடம் கொண்டுவந்தார்கள்.

பிளக்கை வெட்டி எறிந்தேன். உள்ளே மூன்று வயர். இரண்டை உரித்து ஓட்டைக்குள் விட்டுக் குச்சியால் இறுக்கினேன். மஞ்சள் பச்சை எர்த் வயரை வேரோடு வெட்டினேன். றபீக் மச்சான் பக்கத்தில் நின்று, “இது என்னத்துக்குடா?” என்று கேட்டார். “அது சும்மா மச்சான். ரெண்டு வயர் போதும்” என்றேன். அது சும்மா இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வயருக்குத்தான் ஆளைக் காப்பாற்றுகிற வேலை. மற்ற இரண்டும் தண்ணீரைச் சுடவைக்க மட்டும். தெரிந்துதான் வெட்டினேன். அவசரம் என்று சொன்னேன், எல்லோரும் சந்தோசப்பட்டார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. ஏழெட்டுக் கேத்தல் அப்படிச் செய்துகொடுத்தேன். எல்லாரும் பாவித்தார்கள்.

நாலாம் நாள் மழை. வகுப்பறைக்குள் கணுக்கால் நனையத் தண்ணீர். சுபஹு தொழப் போனவன் நான் இன்னும் திரும்பவில்லை. ஹனா பால் கேட்டு வீரிட்டு அழுதிருக்கிறாள். ஜெஸீமா பால்மாத் தகரத்தைத் திறந்து வைத்துவிட்டுக் கேத்தலைப் போட்டிருக்கிறாள். பிறகு அதைத் தூக்கக் கையை வைத்திருக்கிறாள்.

கடலால் முடியாததை நான் செய்தேன்.

ஜெஸீமாவின் மய்யித்தை அடக்கிவிட்டு வந்த அன்று றபீக் மச்சான் அறையிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: “கடல்ல போனதாவே இரிக்கட்டும். இந்தப் புள்ள வளந்து வாப்பாட மொகத்தப் பாக்கணும்.” தன் தங்கச்சியைக் கொன்றவனுக்காக அவர் அதைச் சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவும் இல்லை. நம் ஊரில் ஒரு விசயம் அப்படி மூடிக் கிடந்ததை வேறு எங்கும் நான் கண்டதில்லை. அந்த மூடலுக்குள் இருந்து நான் ஒரு நாளும் நிம்மதியாக மூச்சு விட்டதும் இல்லை.

7

இவ்வளவையும் அவளுக்குச் சொன்னேன். ஆமை எரிந்துகொண்டிருக்கும் காருக்குள் அவளைத் தூங்கவிடாமல் வைத்திருக்கச் சொன்னேனா, என் நெஞ்சைக் காலி செய்யச் சொன்னேனா தெரியாது. பால்மாத் தகரத்தைப் பற்றிமட்டும் சொல்லவில்லை. ஜனவரி என்பதையும் சொன்னேன். இன்றைக்கு நீ மலைக்கு வந்ததே ஒரு பொய்த் திகதிக்காகத்தான் என்று சொன்னேன். 

“ஹனா?”

“கேக்கன்.”

“ஏதாவது கதை மகள். ஏசு. ஏசன்.”

அவள் ஏசவில்லை. மெதுவாக, பல் கிட்டிய குரலில் கதைத்தாள். தமிழில்தான் கதைத்தாள்.

“இஸ்கூல்ல நீச்சல் பாடத்தில எல்லாப் புள்ளையளும் தண்ணிக்குள்ள குதிக்கக்க நான் கரையில நிண்ட. ஒவ்வொரு கிழமையும். டீச்சர் நம்மட மார்க்கத்துக்கு ஆகாது எண்டு நெனச்சா. நீங்களும் கடிதம் குடுத்தீங்க. மார்க்கம் இல்ல வாப்பா, எனக்குப் பயம். அது உம்மாவத் திண்ட தண்ணி எண்டு பயம். இத்தின வருசமா நான் கடலுக்குப் பயந்து இரிக்கன்.”

நான் அழுதேன். வேறென்ன செய்ய?

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

“ஆருக்கு?”

“என்னது?”

“சுடுதண்ணி. உம்மா ஆருக்கு வெச்ச?”

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாக ஒரு பதிலும் சொன்னதில்லை.

“எனக்கு. நான் சுபஹு தொழுதுட்டு வந்தா தேத்தண்ணி குடிக்கணும். அதுக்குத்தான்.”

“உங்களுக்கா?”

“ஓம். எனக்குத்தான்.”

அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். லைன் அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தேன், அடிக்கவில்லை. பத்துத் தரம், இருபது தரம் எடுத்தேன். சுவரில் இருந்த மணிக்கூட்டின் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். அடுப்பில் அவளுக்கு ஆக்கிய இறைச்சி கருகிப்போனதும் தெரியவில்லை. யா அல்லாஹ், ஒன்றை எடுத்தாய், இதையும் எடுக்காதே என்பதைத் தவிர வேறு துஆ வரவில்லை.

முக்கால் மணித்தியாலம் கழித்துத் தெரியாத நம்பர் ஒன்று வந்தது. ஒரு ஆணின் குரல். பனி தள்ளும் லொறிக்காரர். உங்கள் மகள் என் வண்டிக்குள் இருக்கிறாள், கால்விரல் இரண்டு மரத்துப்போயிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன், கதைக்கிற நிலையில் இருக்கிறாள் என்றார். அவளிடம் கொடுங்கள் என்று கேட்டேன். கேட்டுவிட்டு வந்து சொன்னார்: இப்போது வேண்டாமாம்.

8

விரல்கள் தப்பிவிட்டன. இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் வந்தாள். மூன்று நாள் இருந்தாள். என் கையால் சமைத்ததைச் சாப்பிட்டாள். முகத்தைப் பார்த்துக் கதைத்தாள், ஆனால் கதைத்தது எல்லாம் படிப்பும் காலநிலையும் காரைத் தூக்கிவரும் செலவும். தேத்தண்ணி மட்டும் குடிக்கவில்லை. ஊற்றிக் கொடுத்தேன், ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகும் அன்று வாசலில் நின்று சொன்னாள்: “மார்ச்சில நான் மருதமுனைக்குப் போறன். டிக்கட் எடுத்திட்டன். நீங்க வர வேணாம். உம்மாவோட இருந்த ஆக்களிட்ட நானே கேக்கணும்.”

“என்னத்தக் கேக்கப் போற?”

“எல்லாத்தையும்.”

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த வகுப்பறையில் எங்களோடு இருந்தவர்கள் இப்போது எங்கெங்கோ இருக்கிறீர்கள். மாவடிப்பள்ளியில் சிலர், கல்முனையில் சிலர், மகள்மாரைக் கட்டிக் கொடுத்த இடங்களில் சிலர். எல்லோருடைய நம்பரும் என்னிடம் இல்லை. றபீக் மச்சானும் மவுத்தாகிவிட்டார். ஊரில் கையோடு கை மாறி வாசிக்கப்படும் பத்திரிகை இது என்பதால் இதில் எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்திலும் எழுதுகிறேன்.

அவள் வருவாள். உயரமாக இருப்பாள், ஜெஸீமாவின் நெற்றி. நம் ஊர்த் தமிழே கதைப்பாள். என்னைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் மறைக்காதீர்கள். வயரை வெட்டியவன் இவன்தான் என்று சொல்லுங்கள். தெரிந்தே வெட்டினான் என்றும் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்ற இதுவரை நீங்கள் செய்தது போதும்.

கடைசியில் அவள் உங்களிடமும் அதைக் கேட்பாள். உம்மா யாருக்குச் சுடுதண்ணி வைத்தாள் என்று கேட்பாள். வாப்பாவின் தேத்தண்ணிக்கு என்று சொல்லுங்கள். அன்று காலை அந்த அறையில் பால் கேட்டு அழுத பிள்ளை எதுவென்று ஒருவரும் வாய் திறக்க வேண்டாம்.